விறகை எரிக்காம, அதோட புகையை எரிச்சா? வுட் கேஸ் பாய்லர் எப்படி வேலை செய்யுது, ஆபத்து எங்கே இருக்கு?

ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி, ஆவடி பக்கம் பி.ஜி. ஹாஸ்டல், மெஸ், கல்யாண மண்டபம் நடத்துறவங்களுக்கு லேசில் குறையாத செலவு ஒன்று உண்டு: வெந்நீர். கீஸர் போட்டால் கரண்ட் பில். கேஸில் காய்ச்சினால் சிலிண்டர் விலை. யூடியூபில் ‘வுட் கேஸிஃபிகேஷன் பாய்லர்’ வீடியோ பார்த்ததும், ‘பழைய இரும்பு டிரம், கொஞ்சம் ஃபயர் பிரிக்ஸ், ஒரு சின்ன ஃபேன் இருந்தா நாமளே செஞ்சிடலாமே’ என்று தோன்றுவது இதனால்தான்.

செய்ய முடியுமா? முடியும். ஆனால், செய்வதைவிட டியூன் பண்றதுதான் கஷ்டம். ஏன்னா, இதில் எரிபொருளாக உருவாகும் வாயுவே உயிரைப் பறிக்கக்கூடியது.

பாட்டி வீட்டு செப்பு பாய்லரில் என்ன குறை?

நடுவில் ஒரு குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே நெருப்பு. பழைய வெந்நீர் பாய்லரின் அமைப்பு இவ்வளவுதான். விறகு போட்டால் கண் எரியும், குழாய்க்குள் கரி பிடிக்கும். அந்தப் புகை வெறும் கழிவு அல்ல. அதில் பெரும்பகுதி எரியாமல் தப்பித்த எரிபொருள். சூடான புகை நேராகக் குளிர்ந்த செப்புச் சுவரில் மோதுவதால், எரிவதற்கு முன்பே ஆறிவிடுகிறது. அந்தப் புகையையும் எரித்து வெப்பமாக்குவதுதான் கேஸிஃபிகேஷன் பாய்லர்.

விறகு எப்படி கேஸ் ஆகுது?

நான்கு கட்டங்கள். முதலில் விறகின் ஈரம் ஆவியாகும். அடுத்து, சூடு ஏற ஏற விறகு சிதைந்து எரியக்கூடிய ஆவிகளும் தாரும் வெளியேறும், மிஞ்சுவது கரி. மூன்றாவதாக, உள்ளே வரும் கொஞ்சம் காற்றில் ஒரு பகுதி எரிந்து 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடு கொடுக்கும். கடைசியாக, அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கனலும் கரியைத் தொடும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும்.

சூட்சுமம் காற்றின் அளவில் இருக்கிறது. 1 கிலோ விறகு முழுசாக எரிய சுமார் 6 கிலோ காற்று வேண்டும். கேஸ் ஆக்கணும்னா அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். இப்படிக் கிடைக்கும் வாயுவில் சுமார் 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 15 முதல் 20 சதவீதம் ஹைட்ரஜன், ஏறக்குறைய பாதி நைட்ரஜன்.

இது புது கண்டுபிடிப்பா?

இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையின் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ தயாரித்தார். கரியிலிருந்து வரும் வாயுவில் சென்னை மாகாணத்தில் பஸ்கள் ஓடின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கேஸிஃபையர், 1988-ல் கர்நாடகாவின் ஹோசஹள்ளி கிராமத்துக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

நமக்குப் பாடமான கதை ‘ஊர்ஜா’ அடுப்பு. அதே கழகத்தின் வடிவமைப்பில் 2006-ல் பி.பி. நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. சின்ன ஃபேன், இரண்டு வழிகளில் காற்று, பயிர்க் கழிவில் செய்த பெல்லட். தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிராவில் லட்சக்கணக்கில் விற்றது. பிறகு பெல்லட் விலை ஏறியது. பலர் அடுப்பை ஓரம் கட்டினார்கள். அதனால் பாய்லர் கட்டும் முன், ஒரே மாதிரி விறகு வருஷம் முழுக்கக் கிடைக்குமா என்று பாருங்க.

உள்ளே என்ன இருக்கும்?

மேல் அறையில் விறகு. அடியில் வெப்பம் தாங்கும் செங்கல், காஸ்டபிள் கலவையில் ஒரு குறுகிய துளை. ஃபேன் காற்று வாயுவை அந்தத் துளை வழியே கீழே தள்ளும். துளையிலேயே இரண்டாம் காற்று கலந்து, கீழ் அறையில் சுவாலையாக எரியும். எரிந்து முடிந்த பிறகுதான் அந்தச் சூடு தண்ணீர்க் குழாய்களைத் தொடணும். வீட்டில் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: கீழ் அறையைச் சுற்றியே தண்ணீரை வைத்துவிடுகிறார்கள். சுவாலை ஆறி, மறுபடியும் பாட்டி பாய்லர் கதைதான்.

டியூனிங்: எதைப் பார்த்து, எதை மாற்றுவது?

முதல் காற்று எவ்வளவு கேஸ் உருவாகணும் என்று தீர்மானிக்கும். இரண்டாம் காற்று அது முழுசாக எரியுதா என்று தீர்மானிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 10 - 15 நிமிடம் காத்திருங்க.

* புகைபோக்கியில் சாம்பல் அல்லது நீல நிறப் புகை: வாயு எரியாமல் போகிறது. இரண்டாம் காற்றைக் கூட்டணும், அல்லது முதல் காற்றைக் குறைக்கணும்.
* சுவாலை சிறுத்து, தடுமாறுது: இரண்டாம் காற்று அதிகமாகி சுவாலையைக் குளிர்விக்கிறது.
* புகைபோக்கியில் 250 டிகிரிக்கு மேல்: வெப்பம் வெளியே போகிறது. முதல் காற்றைக் குறைங்க.
* 120 டிகிரிக்குக் கீழ்: ஈரமும் தாரும் குழாயில் படியும். 150 முதல் 200 வரை நல்லது.
* திடீரென சுவாலை அணைந்தால்: விறகு உள்ளே பாலம் மாதிரி சிக்கியிருக்கலாம். ஒரே அளவில், சின்னதாக வெட்டிப் போடணும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கணும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர்தான். பிளந்த சவுக்கு, சீமைக் கருவேலம் இரண்டையும் கூரைக்கடியில் நன்றாகக் காய வைங்க. தொழிற்பேட்டைகளில் கிடைக்கும் பேக்கிங் பலகைகளில் ‘எம்.பி.’ முத்திரை இருந்தால் தொடாதீங்க. அது மெத்தில் புரோமைடு பூச்சிமருந்து ஏற்றிய மரம். பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம்.

லாபமா?

100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3.7 யூனிட் வெப்பம் தேவை. காய்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 15 மெகாஜூல். வெப்பத்தில் 60 சதவீதம் தண்ணீரில் இறங்கினால் 1.5 கிலோ விறகு போதும். 25 சதவீதம்தான் இறங்கினால் மூன்றரை கிலோ. 30 பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால், இந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு சுமார் 12 கிலோ. டியூனிங்கின் விலை இதுதான்.

ஆபத்து எங்கே?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே சில நிமிடங்களில் உயிர் போகும். உங்க பாய்லருக்குள் இருப்பது 20 சதவீதம். அதனால் மூடிய அறை, படிக்கட்டுக்கு அடி, குளியலறைக்குப் பக்கம் எதிலும் வைக்கக்கூடாது. திறந்தவெளி, உயரமான புகைபோக்கி, அருகிலிருக்கும் அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மூன்றும் கட்டாயம். தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தா முதல்ல வெளியே வாங்க, மற்றவங்களையும் வெளியே கூப்பிடுங்க. அப்புறம் 108-க்கு கால் பண்ணுங்க.

ஓடும்போது மேல் கதவைச் சட்டென்று திறக்கவும் கூடாது. உள்ளே தேங்கிய வாயு காற்றோடு கலந்து ‘பக்’கென்று முகத்தில் அடிக்கும். புகைபோக்கிக்கு நேர்வழி திறந்து, கொஞ்சம் பொறுத்து, முகத்தை விலக்கி, மெதுவாகத் திறக்கணும்.

இன்னொன்று, தண்ணீர்க் கலனை அடைத்து மூடாதீங்க. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். மேலே எப்போதும் திறந்த குழாய் ஒன்று இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

1923-ம் ஆண்டு கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்தது. 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் கலன் இதில் ‘கொதிகலன்’ கணக்கில் வராது. நீராவி தயாரிக்கிறோம், அழுத்தம் ஏற்றுகிறோம் என்றால் கதை வேறு. பதிவு, ஆய்வு எல்லாம் வரும். வீட்டில் செய்வது வெந்நீரோடு நிற்கட்டும். வெல்டிங்கும் முதல் ஓட்டமும் அனுபவமுள்ளவர் முன்னிலையில் நடக்கட்டும். பட்ஜெட்டில் அலாரத்துக்கு இடமில்லை என்றால், இப்போதைக்கு கீஸரே போதும்.