வட்டு அழியலாம், செய்தி அழியலாமா?

உங்கள் வீட்டுக் கணிப்பொறி நாளைக் காலையில் இயங்க மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. ஆனால் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பழுது பார்ப்பவர் வந்து சோதித்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிதாக ஒன்று போட்டுவிடலாம்" என்கிறார். புதிய வட்டு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் பழைய வட்டில் இருந்தவை? அக்காவின் திருமணப் படங்கள், தாத்தாவின் குரலில் பதிவு செய்த கதைகள், அப்பாவின் கடைக் கணக்கு, அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் மூன்று மாதம் உழைத்து எழுதிய கட்டுரை - இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

இதற்கு ஒரே வழிதான் உண்டு. வட்டு நன்றாக இருக்கும்போதே அதிலுள்ள அனைத்தையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். இதையே முழுக் காப்புப் பிரதி என்கிறோம். ஆனால் பிரதி என்று பெயர் பெற்றவை எல்லாம் ஆபத்துக் காலத்தில் காப்பாற்றிவிடுவதில்லை. எப்படிப்பட்ட பிரதி காப்பாற்றும், ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செய்தியும் அதைத் தாங்கும் பொருளும்

செய்திக்கெனத் தனியாக உடல் கிடையாது. அது எப்போதும் ஏதாவது ஒரு பொருளின் மீதே தங்கியிருக்கும். கல், ஓலை, காகிதம், காந்தப் பூச்சு என்று அந்தப் பொருள் மாறலாம். பொருள் அழிந்தால் அதன் மீதுள்ள செய்தியும் அழியும். பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், ஆசிரியர் எழுதிய முதல் ஓலை அழியாமல் இருந்ததன்று. ஓலை செல்லரித்துப் போவதற்குள் யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். அப்படி எழுதுவதற்கு ஆள் இல்லாமற்போன நூல்கள் பலவற்றின் பெயர் மட்டுமே இன்று நமக்குத் தெரியும்.

கணிப்பொறியின் வட்டும் ஓர் ஓலைதான். அதன் ஆயுள் ஓலையின் ஆயுளைவிடக் குறைவு என்பதே வேறுபாடு.

வட்டின் உள்ளே

வன்தட்டு என்னும் ஹார்டு டிஸ்க் 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரேமாக் என்ற கணிப்பொறியுடன் முதன்முதலில் வெளிவந்தது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வட்டு, ஏறக்குறைய அதைப்போல் 2 இலட்சம் மடங்கு செய்தியைத் தாங்குகிறது.

இவ்வளவு செய்தி எப்படி அடங்குகிறது? வழவழப்பான தட்டின் மீது மிக மெல்லிய காந்தப் பூச்சு உள்ளது. அதில் எண்ணற்ற நுண் பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் போல, ஏதேனும் ஒரு திசையில் காந்தமாக்கப்பட்டிருக்கும். அந்தத் திசைகளின் வரிசைதான் 0, 1 என்னும் குறியீடாகப் படிக்கப்படுகிறது. உங்கள் தாத்தாவின் குரலும் இப்படிப்பட்ட காந்தத் திசைகளின் வரிசையாகவே அங்கே இருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. மேசைக் கணிப்பொறியின் வட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 120 முறை. தட்டின் விட்டம் சுமார் 9.5 சென்டிமீட்டர், எனவே சுற்றளவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். 30 × 120 = 3,600. தட்டின் விளிம்பு நொடிக்கு 36 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! அந்த விரைவில் ஓடும் பரப்புக்கு மேலே, அதைத் தொடாமல், மெல்லிய காற்று மெத்தையின் மீது மிதந்தபடி படிக்கும் முனை செல்கிறது. இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டு கீழே விழுந்தாலோ, தூசு ஒன்று உள்ளே அகப்பட்டாலோ, அந்த முனை தட்டை உரசிவிடும். உரசிய இடத்துக் காந்தப் பூச்சு பொடியாகிறது. அங்கிருந்த செய்தியும் அத்துடன் போயிற்று. விபத்து ஒன்றும் நேராவிட்டாலும் மோட்டாரும் தாங்கிகளும் நாளடைவில் தேய்கின்றன. ஆகவே வட்டு என்றாவது ஒருநாள் நின்றுபோகும் என்பது உறுதி. அந்த நாள் எது என்பதுதான் தெரியாது.

"எங்கள் வீட்டில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டே இல்லையே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அதில் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணறைகளில் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டுள்ளன. ஆனால் ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தச் சிறைச்சுவர் சிறிது தேய்கிறது. மின்சாரம் தராமல் நெடுங்காலம் வைத்திருந்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியவும் கூடும். சுழலும் வட்டு சில சமயம் கடகடவென்று ஓசை எழுப்பி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஓசையின்றியே நின்றுவிடும்.

இரண்டும் ஒருங்கே கெடுமா?

ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 50-இல் 1 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதே செய்தி இரண்டு வட்டுகளில் இருந்தால், இரண்டும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டையும் பெருக்க வேண்டும். 50 × 50 = 2,500. ஆகவே 2,500-இல் 1. ஒரே ஒரு பிரதியால் ஆபத்து 50-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

ஆனால் பாடப் புத்தகத்தில் இந்தப் பெருக்கலுக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கும்: இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். தேர்வில் பலர் கவனிக்காமல் விடும் இந்த வரியில்தான் காப்புப் பிரதியின் இரகசியமே அடங்கியிருக்கிறது.

சிலர் 'சி' பகுதியில் உள்ளதை 'டி' பகுதியில் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பல வீட்டுக் கணிப்பொறிகளில் இவை இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகளே. மோட்டார் நின்றால் இரண்டும் நிற்கும். இன்னும் சிலர் தனி வட்டில் பிரதி எடுத்து, அதைக் கணிப்பொறியுடனேயே எந்நேரமும் இணைத்து வைத்திருப்பார்கள். மின்னலால் மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் இரண்டும் ஒருசேரக் கருகலாம். 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் தீய மென்பொருள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது கணிப்பொறியோடு இணைந்திருந்த வெளி வட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. மேசை இழுப்பறையில் உறங்கும் வட்டை எந்த மென்பொருளாலும் தொட முடியாது.

இழுப்பறையும் எப்போதும் போதாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ தரைத்தள வீடுகளில் மேசைக்கு மேல் தண்ணீர் நின்றது. கணிப்பொறியும் பிரதியும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். இன்னொரு பிரதி வேறு ஊரில் உள்ள சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ இருந்தால், அந்த வெள்ளம் அதை எட்டாது.

மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில்: இதை 3-2-1 விதி என்பார்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரால் பரவலான இந்த விதி, சாராமை என்னும் அந்த நிபந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவருவதே ஆகும்.

ஒரு படத்தின் கதை

1998-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்ற கணிப்பொறி அசைவுப்படம் தயாராகிக்கொண்டிருந்தது. அப்போது படத்தின் கோப்புகள் இருந்த கணிப்பொறியில் யாரோ ஓர் அழிப்புக் கட்டளையைத் தவறாகக் கொடுத்துவிட்டார். பலர் உழைத்து உருவாக்கிய கோப்புகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மறைந்தன.

அவர்களிடம் காப்புப் பிரதி இல்லாமல் இல்லை. ஆனால் அதை எடுத்து மீட்க முயன்றபோதுதான், அது சரியாகப் பதிவாகவே இல்லை என்பது தெரிந்தது. பதிவாகிறது என்றே அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். மீட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

படத்தின் தொழில்நுட்ப இயக்குநர்களுள் ஒருவரான கேலின் சஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வைகளால் சுற்றி, காரில் மெதுவாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இழந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து மீண்டது. படம் 1999-இல் வெளிவந்தது.

அந்த வீட்டுப் பிரதியில் என்ன சிறப்பு? அது வேறு இடத்தில் இருந்தது. அண்மையில் எடுக்கப்பட்டிருந்தது. வீட்டில் வேலை செய்வதற்காகவே வைத்திருந்ததால், அது திறந்து பயன்படுத்தக்கூடிய நிலையிலும் இருந்தது.

முழுப் பிரதி எடுப்பது எப்படி?

படங்களையும் கட்டுரைகளையும் மட்டும் இழுத்துப் போட்டுப் பிரதி எடுத்தால் அது முழுப் பிரதி ஆகாது. கணிப்பொறியை இயக்கும் மென்பொருள், தொடக்கத்தில் படிக்கப்படும் பகுதி, வட்டின் பிரிவுகளைக் கூறும் அட்டவணை, கண்ணுக்குத் தெரியாத அமைப்புக் கோப்புகள் ஆகியவையும் வட்டில் உள்ளன. இவை அனைத்தையும் அப்படியே அச்செடுத்தாற்போல் பதிவதை 'டிஸ்க் இமேஜ்', அதாவது வட்டின் பிம்பம் என்பர். புதிய வட்டில் அந்தப் பிம்பத்தை இறக்கினால், பழைய கணிப்பொறி அப்படியே உயிர் பெறும்.

இதற்கு 'குளோன்ஸில்லா' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அதை ஒரு பென் டிரைவில் பதிந்து, கணிப்பொறியை அதிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போது வழக்கமான இயக்க மென்பொருள் உறங்கும். பிரதி எடுக்கும்போது கோப்புகள் மாறிக்கொண்டிருக்காது.

கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, வெளி வட்டின் கொள்ளளவு கணிப்பொறியின் வட்டைவிடச் சற்று அதிகமாக இருப்பது நல்லது. இரண்டாவது, மூலம் எது, இலக்கு எது என்பதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் வட்டு நிறைந்த வட்டின் மீது பதிந்து, இருப்பதும் போய்விடும். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நான்காவது, பொறுமை வேண்டும். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டைப் படிக்க 10,000 நொடிகள், அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம் ஆகும். பழைய வகை யு.எஸ்.பி. துளையில் நொடிக்கு 40 மெகாபைட் கிடைத்தால் 7 மணி நேரம் வேண்டும். மின்வெட்டு வரக்கூடிய நாளைத் தவிர்ப்பது நல்லது.

பிரதி சரியா என்று எப்படி அறிவது?

கோடிக்கணக்கான எண்களில் ஒன்று கூட மாறவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: 45, 62, 71, 38. கூட்டுத்தொகை 216. நண்பர் ஒருவர் இதைப் பார்த்து எழுதும்போது 71-ஐ 17 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 162 ஆகிவிடும். தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் 62-ஐயும் 71-ஐயும் இடம் மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை மாறாது. இதைப் பிடிக்க ஒவ்வோர் எண்ணையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். முதற்பட்டியலுக்கு 534, இடம் மாறிய பட்டியலுக்கு 525. தவறு அகப்பட்டுவிட்டது!

கணிப்பொறிகள் இதே கருத்தை இன்னும் நுட்பமான கணக்குகளால் செயல்படுத்துகின்றன. எவ்வளவு பெரிய கோப்பையும் ஒரு சிறிய சரிபார்ப்பு எண்ணாக அவை சுருக்கிவிடும். மூலத்தின் எண்ணும் பிரதியின் எண்ணும் ஒன்றானால் பிரதி சரி. குளோன்ஸில்லாவில், எடுத்த பிம்பம் மீட்கத்தக்கதா என்று சோதிக்கும் வசதி உண்டு. நேரம் ஆகிறதே என்று அதைத் தவிர்க்காதீர்கள். அத்துடன், வேண்டாத பழைய வட்டு ஒன்று கிடைத்தால் அதில் பிரதியை இறக்கிப் பாருங்கள். பழைய வட்டு மூலவட்டைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. கணிப்பொறி அதிலிருந்து இயங்கினால்தான் உங்கள் பிரதி தேர்வில் வென்றது.

மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு முழுக் காப்புப் பிரதி எடுங்கள். சரிபார்த்த பின் வட்டைக் கழற்றி, அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது இன்னொரு பிரதியைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பாட்டியின் அலமாரியில் அது பத்திரமாக இருக்கும். அப்படியே, பாட்டி வீட்டில் உள்ள பழைய புகைப்படங்களுக்கு எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்றும் கேட்டுப் பாருங்கள்!