பழைய விளையாட்டும் புதிய திரையும்

கணினி விளையாட்டுகளுள் சில, வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஆர்வத்துடன் விளையாடப்படுகின்றன. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் இதனை உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்டது. காடு திருத்தி, வயல் அமைத்து, கோட்டை எழுப்பி, பகைவரை எதிர்த்து ஒரு நாகரிகத்தை வளர்ப்பதே இவ்விளையாட்டு.

விண்டோஸ் 7 இயங்கும், அகன்ற திரை கொண்ட கணினியில் இதன் பழைய பதிப்பைத் தொடங்குபவர் முதலில் ஏமாற்றமே அடைவார். வீரர்கள் குட்டையாகப் பருத்துத் தோன்றுவர், எழுத்துகள் மங்கியிருக்கும், சில வேளைகளில் புல்வெளி சிவந்தும் நீர்நிலை ஊதா நிறத்திலும் காணப்படும். வரைகலை அட்டையின் அமைப்புகள் அனைத்தையும் உச்சத்திற்கு உயர்த்தினாலும் படம் சற்றும் மாறாது. பழுது அட்டையில் இல்லை. இவ்விளையாட்டின் படங்கள் உருவாகும் முறையை அறிந்தால் அதன் காரணம் விளங்கும்.

இன்றைய முப்பரிமாண விளையாட்டுகளில், ஒவ்வொரு காட்சியையும் கணினி நொடிதோறும் பன்முறை புதிதாக வரைகிறது. ஆதலின், விளிம்புகளை மென்மையாக்கும் 'ஆன்டி அலையாசிங்' போன்ற அமைப்புகளை உயர்த்தினால் படம் மெருகேறும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அவ்வாறன்று. இதன் கட்டடங்களும் மாந்தரும் முப்பரிமாண உருவங்களாக அமைக்கப்பட்டு, ஒரே கோணத்திலிருந்து பார்த்த தட்டையான சிறு படங்களாக மாற்றப்பட்டு, அப்படியே சேமிக்கப்பட்டவை. வரைந்து முடிந்த படத்தில் மென்மையாக்க விளிம்பு ஏது? அட்டை அதனை எடுத்துத் திரையில் வைக்கிறது; அவ்வளவே.

எனவே, இங்குக் கவனிக்க வேண்டியது படம் திரையில் எவ்வாறு பொருந்துகிறது என்பதையே. திரையிலுள்ள காட்சி, பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. இவ்விளையாட்டில் 800 × 600, 1024 × 768, 1280 × 1024 என்னும் அளவுகள் தரப்பட்டுள்ளன. இன்று பரவலாக உள்ள திரையின் அளவோ 1920 × 1080. எண்ணூறு புள்ளி அகலத்தை 1920 ஆக்கினால் 2.4 மடங்கு பெருகும். அறுநூறு புள்ளி உயரத்தை 1080 ஆக்கினால் 1.8 மடங்கே பெருகும். அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக இழுக்கப்படுவதால் வட்டம் நீள்வட்டமாகும், குதிரைவீரன் பருத்துப்போவான்.

மங்கலுக்குக் காரணமும் இதுவே. கட்டம் போட்ட தாளில் கட்டத்திற்கு ஒரு நிறமாகத் தீட்டிய படத்தை, இருமடங்கு கட்டங்களுள்ள தாளுக்கு மாற்றுவது எளிது. 1.8 மடங்கு கட்டங்களுள்ள தாளுக்கு மாற்ற முயன்றால் சில கட்டங்களில் இரண்டு நிறங்கள் மோதும். அந்நிலையில் திரை அவற்றைக் கலந்து இடைப்பட்ட நிறம் ஒன்றைத் தருகிறது. அக்கலப்பே கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது.

இதற்குத் தீர்வு எளியது. விளையாட்டில் 1280 × 1024 என்னும் அளவைத் தேர்ந்து, வரைகலை அட்டையின் இயக்கி மென்பொருளில் படத்தை இழுக்காமல் நடுவில் வைக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி கிடைக்கும். மேலும் கீழும் 28 புள்ளிகளும் இருபுறமும் 320 புள்ளிகளும் கருமையாக நிற்கும். திரை முழுவதும் நிறையவில்லையே என்று சிலர் வருந்துவர். ஆயினும் கூரை ஓடுகளையும் வயல் வரப்புகளையும் ஓவியர் தீட்டிய கூர்மையுடன் காண இதுவே வழி. உருவங்கள் மிகச் சிறியனவாகத் தோன்றினால் 800 × 600 அளவிலேயே விகிதம் மாறாமல் பெரிதாக்கலாம். சற்று மங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிறக் கோளாறு வேறு வகையைச் சார்ந்தது. இவ்விளையாட்டு ஒரு நேரத்தில் 256 நிறங்களையே கையாள்கிறது. ஒவ்வொரு புள்ளியும் நிறத்தையன்று, ஓர் எண்ணையே தாங்கியுள்ளது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை ஒரு பட்டியல் சொல்கிறது. விளையாட்டு ஓடும்போதே விண்டோஸ் 7இன் முகப்புத்திரை நிரல் அப்பட்டியலில் குறுக்கிடுகிறது. எண்கள் மாறாதிருக்க நிறங்கள் மட்டும் மாறுவதால் புல் சிவக்கிறது. திரை அளவை மாற்றும் சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் நிறங்கள் பெரும்பாலும் சீராகிவிடும். விந்தையான மருந்துதான், பலருக்கும் பயன்பட்ட மருந்து.

அளவைக் கூட்டுவதால் அழகு மட்டும் மாறுவதில்லை. மூலப் பதிப்பில் காட்சியைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ இயலாது. ஆகவே 800 × 600இல் ஆடுபவரைவிட 1280 × 1024இல் ஆடுபவரின் திரையில் 2.7 மடங்கு புள்ளிகள் உள்ளன. அந்த அளவிற்கு மிகுதியான நிலப்பரப்பும் ஒரே பார்வையில் விரியும். இருவர் எதிரெதிரே ஆடும்போது, ஒருவர் தம் ஊரின் எல்லையில் நெருங்கும் படையைக் கண்டுவிடுவார். மற்றவரோ திரையை நகர்த்திய பின்னரே காண்பார். நண்பர்கள் ஆடத் தொடங்குமுன் ஒரே அளவை வைத்துக்கொள்வது நேர்மையான ஆட்டத்திற்கு உகந்தது.

2013ஆம் ஆண்டின் மறுபதிப்பு அகன்ற திரைக்கு இடமளித்தது. 2019இல் வந்த பதிப்பில் படங்கள் அனைத்தும் மிகுந்த நுணுக்கத்துடன் புதிதாக உருவாக்கப்பட்டன. காட்சியை அணுகியும் விலகியும் காணலாம். இப்பதிப்புக்கு 2022இல் வெளியான இணைப்பில் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளும் இடம்பெற்றன. மிகக் கூர்மையான படங்கள் அடங்கிய தொகுப்பு தனியே பதிவிறக்கத் தரப்படுகிறது. நினைவகம் குறைந்த கணினியில் அதனைச் சேர்த்தால் ஆட்டம் தடைபட்டுத் தடைபட்டு ஓடும்; சேர்க்காவிடினும் குதிரைவீரன் பருத்துப்போவதில்லை.