வில் வண்டியும் படகுக் காரும்

கரிசல் காட்டுப் பாதையில் கட்டை வண்டியில் போன அனுபவத்தை உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். குடல் குலுங்கும் என்பார். வில் வண்டியில் அவ்வளவு குலுக்கல் இல்லை. அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்தாம் அந்த 'வில்'.

1950, 60-களின் பெரிய அமெரிக்கக் கார்களில் இந்த ஸ்பிரிங் மிகவும் இளக்கமானது. திருப்பத்தில் கார் படகு போலச் சாயும். பிரேக் போட்டால் முகம் குப்புறக் குனியும். அப்படி ஏன் செய்தார்கள்?

ஸ்பிரிங் மேல் நிற்கும் பொருளை அழுத்திவிட்டால் அது மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங் இளகினாலும் நிறை கூடினாலும் ஆட்டம் மெதுவாகும். நொடிக்கு ஓர் ஆட்டம் என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும், நடக்கும்போது பழகியதுதானே! நொடிக்கு நான்கு முதல் எட்டு என்றால் வயிறு கலங்கும். (பஸ்ஸில் பின் சீட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

நொடிக்கு ஓர் ஆட்டம் வேண்டுமானால், காரின் எடையால் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்க வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு 6 செ.மீ. போதும். முன்சக்கரங்கள் ஒரே அச்சில் இருந்த காலத்தில், முன்புறம் இவ்வளவு இளக்கமாக ஸ்பிரிங் வைத்தால் சக்கரங்கள் வெடவெடவென்று உதறின. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றி, 1930-இல் காடிலாக்கில் சேர்ந்த மாரிஸ் ஒல்லி இதை ஆராய்ந்தார். 1934-இல் காடிலாக் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்கின. இளக்கத்துக்கு வழி பிறந்தது. நீண்டு நேராக ஓடும் அமெரிக்கச் சாலைகளில் திருப்பத்துச் சாய்வு பெரிய குறையாகத் தோன்றவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு டன் காரில் ஐந்து பேர் ஏறினால் மொத்த நிறை அதிகம் மாறாது. நம் லாரியின் கதை வேறு. வெறும் வண்டி ஐந்தாறு டன் என்றால், பாரம் பத்து டன். அத்தனையையும் தாங்க ஸ்பிரிங் விறைப்பாகவே இருக்க வேண்டும். பின்பட்டைகள் மேல் உள்ள நிறை கால் பங்காகக் குறைந்தால் ஆட்டத்தின் வேகம் இரு மடங்கு!

எனவே சிமெண்ட் லாரி அசைந்து போகும். காலி லாரி துள்ளும். விருதுநகர், சிவகாசிச் சாலைகளில் தீப்பெட்டிப் பண்டல் லாரியைப் பாருங்கள். மலை போல் அடுக்கியிருந்தாலும் எடை குறைவு. ஆகவே அதுவும் துள்ளும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உரசலும் அடியும் ஆகாதே! ஸ்பிரிங் செய்யாத வேலையை அட்டைப் பெட்டியும் இடைவெளியில்லாத அடுக்கும்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை வேகத்தடை அருகே நின்று பின்சக்கரத்துப் பட்டைகளைக் கவனியுங்கள். நன்றாக வளைந்திருந்தால் பாரம் குறைவு. நிமிர்ந்திருந்தால் பாரம் அதிகம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.