ஒலி நெருக்கலும் செவிப்பயிற்சியும்: இசையுற்பத்தியின் ஒரு கருவி பற்றிய சில குறிப்புகள்

கலைப்படைப்பின் உள்ளடக்கம், உருவம் என்பன பற்றி நாம் நிறையவே விவாதித்துள்ளோம். ஆயின் அப்படைப்பை ஆக்கும் கருவிகள் பற்றியும், அக்கருவிகளைக் கையாளக் கற்கும் மனிதரின் புலன்கள் பற்றியும் அதேயளவுக்குச் சிந்தித்தோம் எனக் கூறமுடியாது. அச்சியந்திரத்தின் வருகையோடு நாவலின் வளர்ச்சியை இணைத்து நோக்குவோர்கூட, ஒலிப்பதிவுக் கருவிகளை வெறும் தொழில்நுட்ப விடயமென ஒதுக்கிவிடுவதுண்டு. மனிதனின் ஐம்புலன்களும் வரலாற்றினூடாக, உழைப்பினூடாக உருவாகி வந்தவை என்னும் கருத்தை மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் முன்வைத்தார். இக்கருத்தை இசையுற்பத்தியில் இன்றியமையாததாகிவிட்ட ஒரு கருவியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிப்பதிவாளர் ‘கொம்பிரசர்’ என வழங்கும் அக்கருவியின் செயலை நாம் ‘ஒலி நெருக்கல்’ எனக் குறிப்பிடுவோம். கணினிக் கோப்பின் பருமனைக் குறைக்கும் எம்பி3 போன்ற முறைகளும் இதே ஆங்கிலப் பெயரால் சுட்டப்படுவதுண்டு. அவை வேறு. நாம் இங்கு கருதுவது ஒலியின் உரப்பிலுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் முறையையே.

1. கருவியின் இயக்கம்

பாடகர் ஒருவர் ஓரிடத்தில் மெல்லப் பாடுகிறார். பிறிதோரிடத்தில் குரலை உயர்த்துகிறார். இக்கருவி பரவலாவதற்கு முன்னர், ஒலிப்பதிவாளர் பாடலை உற்றுக் கேட்டவாறே தமது கையால் ஒலிமட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார். அக்கையின் வேலையைத் தானாகவே இயற்றும் பொறியே கொம்பிரசர். அவ்வகையில் அது மனித உழைப்பொன்று இயந்திரத்துள் பொதிந்த வடிவமாகும்.

கருவியின் விசைகள் சிலவே. ‘திறெஷ்ஹோல்ட்’ எனப்படும் எல்லைமட்டம், எந்த உரப்புக்கு மேல் கருவி செயற்பட வேண்டுமென்பதை வரையறுக்கும். ‘ரேஷியோ’ எனப்படும் விகிதம், எல்லை கடந்த ஒலி எவ்வளவு குறைக்கப்பட வேண்டுமென்பதைக் கூறும். எடுத்துக்காட்டாக, எல்லைமட்டம் -20 டெசிபெல், விகிதம் 4:1 எனக் கொள்வோம். -8 டெசிபெல் மட்டத்தில் வரும் உச்ச ஒலி எல்லையை 12 டெசிபெல்லினால் கடக்கிறது. கருவி அதில் நான்கிலொரு பங்கை, அதாவது 3 டெசிபெல்லை மட்டுமே அனுமதிக்கும். எனவே அவ்வொலி -17இல் வெளிவரும். -25இல் உள்ள மெல்லொலியோ எல்லைக்குக் கீழிருப்பதால் மாற்றமின்றிச் செல்லும். 17 டெசிபெல்லாக இருந்த இடைவெளி இப்பொழுது 8 ஆகிவிட்டது. குறைந்த 9 டெசிபெல்லையும் ஈடுசெய்ய முழு ஒலியையும் உயர்த்தினால், உச்சம் மீண்டும் -8ஐ அடையும். மெல்லொலி -16க்கு ஏறிவிடும். அடக்குவதற்கெனப் பிறந்த கருவி முழு இசையையும் உரக்கச் செய்யும் முரண் இவ்வாறே தோன்றுகிறது. பின்னர் நாம் பேசவிருக்கும் சிக்கல்கள் யாவற்றுக்கும் மூலம் இம்முரணேயாகும்.

எஞ்சிய இரு விசைகளும் காலம் சார்ந்தவை. ‘அற்றாக்’ எனும் பிடிநேரம், எல்லை கடந்த ஒலியைக் கருவி எவ்வளவு விரைவில் பற்றுகிறது என்பதைக் காட்டும். ‘ரிலீஸ்’ எனும் விடுநேரம், ஒலி தணிந்தபின் எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்பதைக் காட்டும். முரசின் அடியொன்றை எண்ணிப் பார்ப்போம். பிடிநேரம் 30 மில்லிசெக்கன் எனில், அடியின் முதற் கூர்மை தப்பிச் சென்றுவிடும். பின்தொடரும் ஒலிப்பே நெருக்கப்படும். அடி மேலும் துலக்கமாகக் கேட்கும். பிடிநேரத்தை ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைப்பின் அக்கூர்மையே மழுங்கி, முரசு பின்னே தள்ளப்பட்டதுபோலத் தோன்றும். விடுநேரம் பாடலின் தாளத்தோடு பொருந்தாவிடின், இசை மூச்சிரைப்பதுபோல விம்மித் தணிவதைக் கேட்கலாம்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

இக்கருவி இசைஞரின் தேவையிலிருந்து பிறந்ததன்று. 1930களில் வானொலி நிலையங்கள், அளவுமீறிய ஒலியினால் ஒலிபரப்பு சிதைவதைத் தடுக்கவே இவ்வகைப் பெருக்கிகளை நாடின. இசைத்தட்டுத் தொழிலுக்கும் இதையொத்த தேவை இருந்தது. வெட்டும் ஊசி அளவுமீறி அசையின் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்தினுள் நுழைந்துவிடும். எஸ்தோனியாவிற் பிறந்த ரைன் நார்மா அமெரிக்காவில் வடிவமைத்த ஃபெயார்சைல்ட் 670, இருபது வால்வுகளைக் கொண்ட அத்தகைய காவற் கருவியே. 1960களில் ஒளியுமிழும் தகட்டையும் ஒளியுணர் தடையையும் பயன்படுத்திய எல்ஏ-2ஏ கருவியும், பில் பட்னம் திரான்சிஸ்டரைக் கொண்டு அமைத்த 1176 கருவியும் வழக்குக்கு வந்தன. முன்னையது மெதுவாக விடுவது; பின்னையதன் பிடிநேரமோ 20 மைக்ரோசெக்கன் வரை குறையக்கூடியது.

காவற் கருவி கலைக்கருவியாக மாறியமைக்குச் சிறந்த சான்று 1966 ஏப்பிரலில் இலண்டனிலுள்ள ஈஎம்ஐ கலையகத்திற் கிடைக்கிறது. பீற்றில்ஸ் குழுவினரின் ‘ரிவோல்வர்’ தொகுப்பின் முதற் பதிவான ‘ருமோரோ நெவர் நோஸ்’ பாடலுக்கு, இருபது வயது ஒலிப்பதிவாளரான ஜெஃப் எமரிக், பெருமுரசினுள் கம்பளிச் சட்டையொன்றைத் திணித்து, ஒலிவாங்கியை மிக அண்மையில் வைத்து, அவ்வொலியை ஃபெயார்சைல்ட் 660 கருவியினூடாகக் கடுமையாக நெருக்கினார். தவிர்க்கப்பட வேண்டிய குறையெனக் கருதப்பட்ட விளைவே அங்கு விரும்பப்பட்ட நாதமாயிற்று. அளவு மாற்றம் பண்பு மாற்றமாக மாறும் இயக்கவியல் விதிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

3. கற்றலின் சிக்கல்

விசைகளின் பொருளை ஒரு மணிநேரத்தில் விளக்கிவிடலாம். ஆயினும் கருவியைக் கற்கப் பல ஆண்டுகள் செல்கின்றன. இதற்குக் காரணம் யாது? நல்ல நெருக்கல் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பது ஒன்று. அதனினும் முக்கியமானது செவியின் இயல்பு. ஒலியின் உரப்பு குறையுங்கால் தாழ்சுருதி ஒலிகளை உணரும் திறன் செவிக்கு விரைவாகக் குறைகிறது என்பதை 1933இல் ஃபிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினர். ஆகவே ஒரே இசையைச் சற்று உரக்கக் கேட்பின் அது நிறைவானதாகவும் செழுமையானதாகவும் தோன்றும். புதிதாகக் கற்பவர் கருவியை இயக்கியதும் ஒலி உயர்கிறது. இசை சிறந்துவிட்டதென அவர் நம்புகிறார். உண்மையில் அவர் கேட்டது உரப்பை மட்டுமே. தோற்றத்தையும் சாரத்தையும் வேறுபடுத்தும் பணி இங்கு செவியின் பணியாகிறது.

எனவே கற்பித்தலின் முதல் விதி, நெருக்கிய ஒலியையும் நெருக்காத ஒலியையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட வேண்டுமென்பதாகும். அவ்வாறு ஒப்பிடுகையில் சிறப்பெனத் தோன்றியவற்றுட் பல மறைந்துவிடும். இரண்டாவது, மிகைப்படுத்திக் கேட்டல். எல்லைமட்டத்தைப் பெரிதும் தாழ்த்தி, விகிதத்தை உயர்த்தி, பிடிநேரத்தையும் விடுநேரத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினால் ஒவ்வொரு விசையின் செயலும் செவிக்குப் புலப்படும். புலப்பட்டபின் அளவைக் குறைத்துச் செல்ல வேண்டும். மூன்றாவது, ஒரு கருவியின் ஒலியைத் தனியே கேட்டு முடிவு செய்யாது முழு இசையினுள்ளும் வைத்துக் கேட்பது. பகுதியின் பொருள் முழுமையிலேயே தீர்மானமாகிறது.

முன்னர் இவ்வறிவு கலையகத்தில் மூத்தவரின் அருகிருந்து பெறப்பட்டது. இன்று விலையுயர்ந்த அக்கருவிகளின் மென்பொருள் வடிவங்கள் சாதாரண கணினியிலும் இயங்குகின்றன. உற்பத்திச் சாதனம் பலரது கைக்கு எட்டியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயின் ‘குரலுக்கு’, ‘முரசுக்கு’ என முன்கூட்டியே அமைத்த தெரிவுகளும் அவற்றோடு விற்கப்படுகின்றன. அவை தொடக்கத்துக்கு உதவலாம். கேட்டுத் தீர்மானிக்கும் உழைப்பையே அவற்றிடம் ஒப்படைப்பவர் கருவியை உடைமையாகப் பெற்றும் திறனை இழந்தவராவார். உழைப்பின் திறன் பறிக்கப்படுவது பற்றி ஹரி பிறேவர்மன் 1974இல் எழுதியவை இங்கும் நினைக்கத்தக்கன.

4. சந்தையின் உரப்பு

செவியின் இவ்வியல்பைத் தனிமனிதரின் பலவீனமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. வணிகப் போட்டி அதனை முறையாகப் பயன்படுத்தியது. நாணயமிட்டு இசைத்தட்டுக் கேட்கும் பெட்டியிலும் வானொலியிலும் அடுத்தவரின் பாடலைவிடத் தமது பாடல் உரக்க ஒலிக்க வேண்டுமென உற்பத்தியாளர் விரும்பினர். 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. சுமார் 96 டெசிபெல் வீச்சு அதற்குண்டு. மென்மைக்கும் உரப்புக்குமிடையே அதுவரை கிடையாத இடம் கிடைத்தது. ஆயினும் அவ்விடம் நிரப்பப்படவில்லை. 1994இல் வந்த எல்1 போன்ற எண்முறைக் கருவிகளின் துணையோடு, இசை முழுவதும் கடக்கமுடியாத மேலெல்லையை நோக்கித் தள்ளப்பட்டது. உற்பத்திச் சக்தி வளர்ந்தும் உற்பத்தி உறவு அதன் பயனைத் தடுத்த நிலை இது. 2008இல் மெற்றாலிக்கா குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ வெளிவந்தபோது, அதே பாடல்கள் நிகழ்பட விளையாட்டொன்றில் குறைவாக நெருக்கப்பட்டிருப்பதைக் கேட்டு ஒப்பிட்ட இரசிகர்கள், மீள்கலவை கோரி மனுச் சமர்ப்பித்தனர்.

மாற்றம் சமூக ஒழுங்கிலிருந்தே வந்தது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் உணரப்படும் உரப்பை அளக்கும் முறையொன்றை வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் அவ்வளவையின்படி -23 எனும் பொது மட்டத்தை விதந்துரைத்தது. இன்று இணையவழி இசை வழங்கும் பெருநிறுவனங்களும் பாடல்களைப் பொதுவாக ஒரே உரப்புக்குக் கொணர்ந்தே ஒலிக்கச் செய்கின்றன. மிகையாக நெருக்கிய பாடல் அங்கு மேலதிக உரப்பைப் பெறுவதில்லை. தனது அடிகளின் கூர்மையை மட்டும் இழந்து நிற்கிறது. இருந்தும் பழக்கம் தொடர்கிறது. அடித்தளம் மாறியபின்னும் அது வளர்த்த இரசனை உடனே மாறிவிடுவதில்லை.

5. முடிவுரை

இசை பண்டமாகியமையால் கேட்டலே பின்னடைந்துவிட்டதென அடோர்னோ 1938இல் வாதிட்டார். பண்டமாதல் பற்றிய அவரது கணிப்பை நாம் ஏற்கின்றோம்; கேட்போர் பற்றிய அவரது அவநம்பிக்கையை ஏற்பதற்கில்லை. சமமான உரப்பில் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கப் பழகிய எவரும், முன்னர் செழுமையென மயங்கியது வெறும் உரப்பே என்பதைத் தாமே கண்டறிகின்றனர். 2008இல் மனுவில் ஒப்பமிட்ட இரசிகர்கள் கல்விமான்களல்லர்; ஒப்பிடும் வாய்ப்புப் பெற்ற சாதாரண கேட்போரே. சந்தை உருவாக்கிய செவியைப் பயிற்சி மாற்றியமைக்கும்.

ஆதலால் ஒலி நெருக்கலைக் கற்பித்தல், கலையகத்தினுள் ஒடுங்கிவிட வேண்டிய விடயமன்று. இசையையும் வெகுசனத் தொடர்பையும் பயிற்றும் துறைகள், ஒரே பாடலை நெருக்கியும் நெருக்காமலும், உரப்பைச் சமப்படுத்தி, மாணவருக்குக் கேட்பிக்கலாம். அதற்குச் சாதாரண கணினியும் ஒலிபெருக்கி இரண்டும் போதும். இசை விமர்சனமும் அவ்வாறு பயின்ற செவியை உடையதாயின், பண்டத்தின் பளபளப்பையும் படைப்பின் பெறுமதியையும் பிரித்தறிந்து பேசவல்லதாகும்.