சூரியனுக்கு முன்னால் வானத்தில்!

டக்... டக்... டக்...

அதிகாலை 4 மணிக்கு ஓட்டல் அறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். பள்ளிக்கூட நாளாக இருந்தால் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்பீர்கள். இன்றோ, தட்டுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்வெட்டர் போட்டாயிற்று. தலையில் குல்லா ஏறியாயிற்று. அப்பாவைத்தான் எழுப்ப வேண்டும்!

எங்கே இருக்கிறோம் என்று சொல்லவே இல்லையே. துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் கப்படோசியா என்று ஓர் இடம். அங்கே கோரெமே என்ற சின்ன ஊர். இன்று நீங்கள் பலூனில் பறக்கப் போகிறீர்கள். திருவிழாக் கடையில் வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் 'பட்' என்று வெடித்துவிடும் பலூன் இல்லை. எட்டு, ஒன்பது மாடிக் கட்டடம் அளவுக்கு உயர்ந்து நிற்கும் வெப்பக்காற்று பலூன்!

வேன் வருகிறது. இருட்டிலேயே ஒரு திறந்தவெளிக்கு அழைத்துப் போகிறார்கள். குளிர் மூக்கைக் கிள்ளுகிறது. கையில் சூடான டீ. எல்லாரும் பறக்கத் தயார். ஆனால், யாரும் பலூனைப் பிரிக்கவில்லை. பைலட் செல்போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் காத்திருப்பது கொடிக்காக. கப்படோசியாவில் பலூன்கள் பறக்கலாமா, கூடாதா என்பதை பலூன் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. அரசின் விமானப் போக்குவரத்துத் துறைதான் காற்றின் வேகத்தைக் கணித்து முடிவு சொல்லும். பச்சைக் கொடி என்றால் பறக்கலாம். மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால், அன்றைக்கு எல்லாருக்கும் லீவு.

இப்போது மஞ்சள். அரை மணி நேரம் போகிறது. இன்னொரு டீ. கிழக்கே லேசாக வெளுக்கிறது. பைலட் தலையை ஆட்டுகிறார். சிவப்பு!

உங்களுக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. எத்தனை நாள் ஆசை! வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வேறு வந்திருக்கிறீர்கள். 'இங்கே ஒரு இலைகூட ஆடவில்லையே, எங்கே இருக்கிறது காற்று?' என்று கோபமும் வருகிறது.

நியாயமான கேள்விதான். ஆனால், தரையில் இலை ஆடாத நேரத்திலும், நூறு, இருநூறு மீட்டர் மேலே காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். விமானத்துக்கு எஞ்சின் உண்டு. பலூனுக்கு அது கிடையாது. ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது! காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும். வேகமான காற்றில் இறங்கினால், தரையைத் தொட்ட பிறகும் கூடையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் எகிப்து நாட்டின் லக்சர் நகரில் ஒரு பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் இதே கப்படோசியாவில் இரண்டு பலூன்கள் வானத்தில் மோதிக்கொண்டதில் பயணிகள் உயிரிழந்தார்கள். பலூன்கள் தினமும் பத்திரமாகத்தான் போய் வருகின்றன. என்றாலும், 'வேண்டாம்' என்று சொல்லும் பைலட்தான் நல்ல பைலட். நம் ஊரில் மழைக்காலத்தில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வருகிறதே, அதுபோலத்தான்.

"அழாதே கண்ணு, நாளைக்கு ஒரு நாள் இருக்கே" என்கிறார் அம்மா. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மறுநாள் மதியம் ஊருக்கு விமானம்.

அன்று பகல் முழுக்க என்ன செய்வது? வானத்துக்குப் போக முடியாதவர்கள் பூமிக்குள் போகலாம்! பக்கத்தில் டெரின்குயு என்று ஒரு பாதாள நகரம் இருக்கிறது. தரைக்குக் கீழே சுமார் 85 மீட்டர் ஆழம் வரை, மாடி மாடியாகக் குடைந்த ஊர். சமையலறை, கால்நடைத் தொழுவம், தண்ணீர்க் கிணறு, காற்று வர நீண்ட துளைகள் எல்லாம் உண்டு. பகைவர்கள் படையெடுத்து வந்தால் ஊரே உள்ளே இறங்கிவிடும். ஆட்டுக்கல் போன்ற பெரிய வட்டக் கல்லை உருட்டி வழியை அடைத்துவிடுவார்கள். அதை உள்ளிருந்துதான் நகர்த்த முடியும்.

வெறும் கையால் பாறையை எப்படி இவ்வளவு குடைந்தார்கள்? அதற்குக் காரணம் எரிமலை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எர்சியஸ் போன்ற எரிமலைகள் சாம்பலைக் கக்கின. அந்தச் சாம்பல் கனமாகப் படிந்து, இறுகி, மென்மையான பாறை ஆகிவிட்டது. உளியால் சுரண்டினால் வந்துவிடும். மழையும் காற்றும்கூட அதை அரித்தன. மேலே கடினமான கல் தொப்பி இருந்த இடங்களில் மட்டும் அடியில் இருந்த மென்பாறை தப்பித்தது. அதனால் ஊர் முழுக்கக் காளான் போலவும், கூம்பு போலவும் பாறைகள் நிற்கின்றன. 'தேவதைகளின் புகைபோக்கி' என்று அவற்றுக்குப் பெயர். 1985-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, மறுநாள் காலைக்கு வருவோம்.

மறுபடி 4 மணி. மறுபடி வேன். மறுபடி டீ. செல்போன் ஒலிக்கிறது. பைலட் கட்டை விரலை உயர்த்துகிறார். பச்சை!

அவ்வளவுதான், ஆட்கள் பம்பரமாகச் சுழல ஆரம்பிக்கிறார்கள். நைலான் துணிப் பையைத் தரையில் நீளமாக விரிக்கிறார்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய மின்விசிறி போன்ற ஒன்றை வைத்து உள்ளே காற்றை அடிக்கிறார்கள். துணி புசுபுசுவென்று புரண்டு எழுகிறது. பாதி நிரம்பியதும், பைலட் பர்னரைத் திறக்கிறார். ஹோ...வென்று இரைச்சல்! ஆளைவிட நீளமான தீச்சுடர் உள்ளே பாய்கிறது. எரிவது புரொப்பேன் வாயு. நம் வீட்டு சமையல் காஸ் சிலிண்டரிலும் இந்த வாயு கலந்திருக்கிறது.

படுத்திருந்த பலூன் மெல்ல நிமிர்கிறது. சுற்றிலும் பார்த்தால் பத்து, இருபது, ஐம்பது... இருட்டில் ராட்சத விளக்குகள் மாதிரி எங்கு பார்த்தாலும் பலூன்கள்! சீசனில் நூறு பலூன்களுக்கு மேல் ஒரே காலையில் பறக்கும் ஊர் இது.

சூடான காற்று எப்படி இத்தனை பேரைத் தூக்குகிறது என்று கேட்பீர்களே? கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அடங்கும் சாதாரணக் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஆமாம், காற்றுக்கும் எடை உண்டு! அதே காற்றை 100 டிகிரி வரை சூடாக்கினால் அது விரியும். கொஞ்சம் வெளியே போய்விடும். பெட்டியில் மிஞ்சுவது 950 கிராம் அளவுதான். ஆக, ஒரு பெட்டிக்குக் கால் கிலோ லாபம். இருபது பேர் ஏறும் பலூனில் இப்படி சுமார் 10,000 பெட்டி காற்று இருக்கும். கால் கிலோவை 10,000-ஆல் பெருக்குங்கள். 2,500 கிலோ! ஆட்கள், கூடை, சிலிண்டர், துணி எல்லாவற்றையும் தூக்க அது போதும்.

இப்போது தெரிகிறதா, ஏன் விடியற்காலையில் பறக்கிறார்கள் என்று? வெளிக்காற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கு மவுசு அதிகம். அது மட்டுமல்ல, வெயில் ஏறிவிட்டால் தரை சூடாகும். அங்கங்கே வெப்பக்காற்று கொப்பளித்து எழும். பலூனுக்கு அது ஆபத்து.

வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். காலி தண்ணீர் பாட்டிலின் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். யாரும் ஊதாமலே பலூன் எழுந்து நிற்கும். குளிர்ந்த நீரில் வைத்தால் மறுபடி தொங்கிவிடும்.

பைலட் கூப்பிடுகிறார். ஓடுங்கள்!

கூடைக்குக் கதவு கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளில் கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டும். இந்த நவீன காலத்திலும் பிரம்புக் கூடைதான். தரையில் மோதும்போது பிரம்பு வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

எப்போது கிளம்பினோம் என்றே தெரியவில்லை. லிப்டில் போகும்போது வருமே, அந்த வயிற்றுக் கலக்கம்கூட இல்லை. கீழே நின்றவர்கள் சின்னதாகிறார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். "திறந்து பாரும்மா!" என்கிறீர்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? காற்றே அடிக்கவில்லை! தலைமுடிகூடப் பறக்கவில்லை. ஏனென்றால், நீங்கள் காற்றோடு சேர்ந்து, அதன் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள். பர்னரை நிறுத்திவிட்டால் ஒரே நிசப்தம். கீழே எங்கோ ஒரு நாய் குரைப்பது காதில் விழுகிறது.

கிழக்கே மலைக்கு மேலே சூரியன் எட்டிப் பார்க்கிறது. முதலில் உயரத்தில் இருக்கும் பலூன்கள் பளிச்சிடுகின்றன. அடுத்து உங்கள் முகத்தில் வெளிச்சம். கீழே பள்ளத்தாக்கு இன்னும் இருட்டில் தூங்குகிறது.

ஸ்டியரிங் இல்லை என்றேன். ஆனாலும் பைலட் ஓட்டத்தான் செய்கிறார். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் போகும். இடப்பக்கம் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே ஏறிக்கொள்வார். பஸ் மாறுவது மாதிரி! தீ போட்டால் உடனே ஏறாது, சில நொடிகள் கழித்துத்தான் ஏறும். அதனால் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இறங்க வேண்டுமானால், உச்சியில் இருக்கும் துணி மூடியைக் கயிற்றால் இழுத்து சூடான காற்றை வெளியே விடுவார்.

வானத்திலும் சாலை விதி உண்டு. மேலே இருக்கும் பலூன்தான் கீழே இருப்பதற்கு வழி விட வேண்டும். கீழே இருப்பவருக்குத் தலைக்கு மேல் அவருடைய பலூனே மறைக்குமே, மேலே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இதோ, பள்ளத்தாக்குக்குள்ளேயே இறங்குகிறோம். பாறைகள் கை எட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிகின்றன. அவற்றில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மனிதர்களுக்கு அல்ல, புறாக்களுக்கு! அந்தக் கால விவசாயிகள் பாறையைக் குடைந்து புறாக்கூண்டு செய்து, எச்சத்தை அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டிருக்கிறார்கள்.

முதன்முதலில் வெப்பக்காற்று பலூனில் பயணம் செய்தவர்கள் யார் தெரியுமா? ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல்! பிரான்ஸ் நாட்டில் காகிதத் தொழில் செய்த மான்ட்கோல்பியர் சகோதரர்கள் 1783 செப்டம்பர் 19-ல் வெர்சாய் அரண்மனை முன்பு, மன்னர் பதினாறாம் லூயி பார்க்க அவற்றை அனுப்பினார்கள். மூன்றும் உயிரோடு இறங்கின. அடுத்து மனிதர்களை அனுப்புவதென்றால் கைதிகளை அனுப்பலாம் என்றாராம் மன்னர். 'அந்தப் பெருமை அவர்களுக்கா?' என்று முன்வந்தார் பிலாட்ர் டி ரோசியர் என்ற இளைஞர். நவம்பர் 21-ல் அவரும் இன்னொருவரும் பாரிஸ் நகருக்கு மேலே சுமார் 25 நிமிடம் பறந்தார்கள். வைக்கோலை எரித்துக்கொண்டே! பலூனில் பொறி பட்டு ஓட்டை விழ, ஈர ஸ்பாஞ்சால் அணைத்தபடி போனார்களாம். நமக்கு அந்த வேலை இல்லை, அப்பாடா!

நம் நாட்டுக்காரரும் ஒரு சாதனை செய்திருக்கிறார். தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பரில் மும்பையில் இருந்து கிளம்பி, வெப்பக்காற்று பலூனில் 21 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டார். அவ்வளவு உயரத்தில் மூச்சு விட முடியாது என்பதால், காற்றுப் புகாமல் மூடிய அறையில் உட்கார்ந்து போனார். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் பொங்கல் சமயத்தில் பலூன்களைப் பார்த்திருப்பீர்கள். 2015 முதல் அங்கே பலூன் திருவிழா நடத்தியிருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கீழே ஒரு ஜீப், பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நம்மைத் துரத்தி வருகிறது. எங்கே இறங்குவோம் என்று நமக்கே தெரியாதே, அதனால் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே பின்தொடர்கிறார்கள்.

"எல்லாரும் இறங்கும் நிலை!" என்கிறார் பைலட். முழங்காலை மடக்கி, முதுகைக் கூடையோடு ஒட்டி, உள்ளே இருக்கும் கயிற்றுப்பிடியை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அம்மா உங்கள் தோளையும் சேர்த்துப் பற்றிக்கொள்கிறார்.

தொம்! ஒரு சின்ன குதி. இன்னொரு குதி. ஆட்கள் ஓடிவந்து கூடையைப் பிடித்து இழுக்க, அது சரியாக டிரெய்லர் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஆளுக்கொரு பழரசம், பறந்ததற்கு ஒரு சான்றிதழ்.

உச்சித் துணி திறந்து பலூன் தரையில் சரிகிறது. மிச்சக் காற்றை வெளியேற்ற அதன்மேல் படுத்துப் புரளச் சொல்கிறார்கள். நீங்கள்தான் முதலில் ஓடுகிறீர்கள். பைலட் உதவவில்லை. அவர் நிமிர்ந்து, இன்னும் இறங்காத பலூன்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.