வண்டிக்கு வந்த சலான்: பார்ப்பதும் தீர்ப்பதும்



மின்வாரியத் தாள் வந்தால் உடனே பிரித்துப் பார்க்கிறோம். வரித்துறைத் தாள் வந்தால் அன்றைக்கே ஆடிட்டரிடம் ஓடுகிறோம். ஆனால் "உங்கள் வாகனத்தின் மீது சலான் போடப்பட்டுள்ளது" என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தால், வியாபார நேரத்தில் அதைத் தள்ளிவிட்டு அடுத்த கிராக்கியைக் கவனிக்கிறோம். இரவில் கல்லாக் கணக்கு முடிக்கும்போது அது நினைவில் இருப்பதில்லை.

செம்பரம்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவர் தம் குட்டி யானை வண்டியை விற்க விலை பேசி, முன்பணமும் வாங்கிவிட்டார். வாங்க வந்தவர் தம் கைப்பேசியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஏழு சலான் நிக்குது, கட்டிட்டுச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். ஏழையும் எடுத்துப் பார்த்தபோது ஐந்து உண்மையானவை. இரண்டு நம் நண்பருடைய வண்டியே அல்ல. எண்பலகையில் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தேதிகளில் வண்டி எங்கே நின்றது, யார் ஓட்டினார் என்று சொல்ல அவரிடம் ஒரு குறிப்பும் இல்லை. ஓட்டிய டிரைவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். வந்த அன்றே பார்த்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் வேலை, ஒரு மாத அலைச்சலாயிற்று. விலை பேசிய ஆளும் வேறு வண்டி வாங்கிக்கொண்டார்.

எனவே சலானை எங்கே பார்ப்பது, எப்படித் தீர்ப்பது, தவறான சலானுக்கு என்ன செய்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

நம் சாலையில் ஏன் அதிகம்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு நம் பெங்களூர் சாலையின் முகமே மாறிவிட்டது. கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடும் அதே சாலையில்தான் நம் லோடு ஆட்டோவும் கடைப்பையனின் மொபெட்டும் போகின்றன. வளைந்து வர வெகுதூரம் போகவேண்டியிருப்பதால், "பக்கத்துக் கடைதானே" என்று எதிர்த்திசையில் வண்டியை விடுவது வழக்கமாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் எதிர்த்திசையில் ஓட்டுவது அபாயகரமாக ஓட்டுவதில் சேர்க்கப்பட்டுள்ளது. அபராதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கோயம்பேட்டில் சரக்கு ஏற்றி ஒரகடம் வரை போகும் வண்டி மூன்று காவல் எல்லைகளைக் கடக்கிறது. கோயம்பேடு சென்னை மாநகரக் காவல். பூந்தமல்லி, நசரத்பேட்டைப் பக்கம் 2022-ல் பிரிந்த ஆவடி மாநகரக் காவல். ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டக் காவல். சலான் போட்டது இவற்றில் எது என்று தெரியாமல் அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போனால் "எங்களுடையது அல்ல" என்ற பதில்தான் கிடைக்கும்.

எங்கே பார்ப்பது?

மத்திய அரசின் இ-சலான் பரிவாஹன் இணையதளத்தில் பார்க்கலாம். சலான் எண் தெரிந்தால் அதைக் கொண்டே பார்க்கலாம். தெரியாவிட்டால் வண்டி எண்ணையும், எஞ்சின் எண் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுக்கவேண்டும். இவை ஆர்.சி. புத்தகத்தில் உள்ளன. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் பதிந்ததும் வண்டியின் பேரிலுள்ள சலான்கள் நிலுவை, கட்டியவை என்று தெரியும்.

பலருக்குச் செய்தியே வராததற்குக் காரணம், வண்டி பதியும்போது புரோக்கரின் அல்லது பழைய கைப்பேசி எண்ணைக் கொடுத்திருப்பதுதான். பரிவாஹன் தளத்திலேயே எண்ணை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. முதலில் இதைச் செய்யுங்கள். பெங்களூர் வரை வண்டி அனுப்பும் மொத்த வியாபாரிகள், அந்த மாநிலப் போலீசாரின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சலானில் எதைப் பார்ப்பது?

தொகையை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். வண்டி எண், நாள், நேரம், இடம், சட்டப் பிரிவு, சலான் போட்ட காவல் பிரிவு ஆகிய ஆறையும் பாருங்கள். புகைப்படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். படத்திலுள்ளது நம் வண்டிதானா? நிறம், வண்டியின் வகை, எண்பலகை மூன்றும் ஒத்துவருகின்றனவா?

2019-ல் சென்னை அண்ணா நகர் சந்திப்புகளில் எண்பலகையைத் தானே படிக்கும் கேமராக்கள் வைக்கப்பட்டன. கேமரா வழியாகப் போடும் சலானுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி வகுத்தது. குற்றமும் எண்பலகையும் தெளிவாகத் தெரியும் படம், நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற விவரம் எல்லாம் நோட்டீஸில் இருக்கவேண்டும் என்றும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்றும் அவ்விதி கூறியது. ஆகவே படம் கேட்பது நம் உரிமையே அன்றி வீண் வாதம் அல்ல.

சரியான சலான் என்றால்

தாமதமின்றிக் கட்டிவிடுவதே லாபம். அதே தளத்தில் யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் வழியாகக் கட்டலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சலானில் அச்சிட்டிருக்கும் கெடு நாளையே கணக்கில் கொள்ளுங்கள். கட்டியதும் ரசீதைப் பதிவிறக்கி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வங்கியில் பணம் கழிந்து, தளத்தில் நிலுவை என்றே காட்டினால் மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி அங்கேயே உண்டு. ஓரிரு நாள் பொறுத்து அதில் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்த்தப்பட்டன. ஹெல்மெட் இல்லாவிட்டால் முன்பு ரூ.100; இப்போது ரூ.1,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை ரூ.2,000, அடுத்த தடவை ரூ.4,000. ஓட்டும்போது கைப்பேசி பேசினால் முதல் தடவை ரூ.1,000, மறு தடவை ரூ.10,000. சரக்கு வண்டிக்கு இதைவிடப் பெரிய அடி உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் சட்டப்படி ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000, இறக்குகூலியும் நம் தலையில். வண்டிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ மூட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும் ரூ.20,000 என்பதைப் பலர் அறியார். ஒரு நடை மிச்சம் என்று நாலு மூட்டை கூடுதலாக ஏற்றுவதில் எத்தனை லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு "இங்கேயும் வரும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. வரும் வராது என்பதை நம்பிக் கெடுவைத் தவறவிடுவது வியாபாரப் புத்தி அல்ல.

தவறான சலான் என்றால்

"ஐந்நூறு ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம்" என்று கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். முதல் தடவை, மறு தடவை என்று அபராதம் ஏறும் சட்டத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

இ-சலான் தளத்தில் புகார் பகுதி உண்டு. சலான் எண்ணைக் கொடுத்து, தவறு என்ன என்று நாலு வரியில் எழுதி, ஆதாரத்தை இணையுங்கள். ஆர்.சி. நகல், நம் வண்டியின் முன்புற, பின்புறப் படங்கள், அந்த நாளில் வண்டி வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவு, எடைச்சீட்டு, சரக்கு பில் எதுவானாலும் உதவும். நாம் குப்பை என்று எறியும் எடைச்சீட்டு இங்கே சாட்சியாகிறது. தளத்தில் பதில் வராவிட்டால், சலான் போட்ட காவல் பிரிவின் போக்குவரத்து அதிகாரிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். அங்கே இரண்டு வழி உண்டு: அபராதத்தைக் கட்ட ஒப்புக்கொள்வது, அல்லது வழக்கை எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்துக்குப் போகும். நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகவேண்டும். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற வழக்குகள் முதலிலேயே நீதிமன்றத்துக்குத்தான் போகும். அவற்றைச் சலான் தொகையாகக் கட்டி முடிக்க இயலாது.

விற்ற வண்டிக்கு வரும் சலான்

பழைய மொபெட்டைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காதவரை பதிவேட்டில் நாம்தான் உரிமையாளர். கை மாறிப்போன வண்டி விபத்துக்குள்ளானாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. சலான் வந்தது ஒருவகையில் நல்ல எச்சரிக்கை என்று எண்ணி, அன்றே பெயர் மாற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பொய்ச் சலான்

சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவுடன் வங்கிக் கணக்கைச் சுருட்டும் மோசடி நடக்கிறது. உண்மையான சலானைப் பார்க்க எந்தக் கோப்பையும் கைப்பேசியில் ஏற்றவேண்டியதில்லை. அரசுத் தளத்தின் முகவரி "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று முடியும். செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், நாமே தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடையில் செய்யவேண்டியது

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். நாள், வண்டி, ஓட்டியவர், போன இடம், புறப்பட்ட நேரம், வந்த நேரம் என்று அன்றன்று எழுதுங்கள். யார் ஓட்டினார் என்று போலீசார் கேட்டால் சொல்லவேண்டியது உரிமையாளரின் கடமை என்று 133-ஆம் பிரிவு கூறுகிறது. சலான் யாருடைய தவறு என்று முதலாளிக்கும் ஆளுக்கும் மனஸ்தாபம் வருவதையும் இந்த நோட்டு தடுக்கும். லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுத்தால் உரிமையாளருக்கும் ரூ.5,000 அபராதம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஓட்டினால் உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் வைத்துக் காட்டினால் செல்லும். அசல் கடையிலேயே பத்திரமாக இருக்கட்டும். கட்டிய அபராதத்தைக் கணக்குப்பிள்ளை வண்டிச் செலவில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மீறியதற்குக் கட்டும் அபராதத்தை வருமான வரியில் வியாபாரச் செலவாக ஏற்கமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை சரக்கு இருப்புப் பார்க்கிறோம் அல்லவா? அதே நாளில் நம் வண்டி எண்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அண்ணாச்சியின் ஏழு சலானில் இரண்டு அவருடையதே அல்ல. ஆனால் அதை நிரூபிக்கும் காலம் கடந்துபோனது யார் தவறு என்று அவரே சொல்லி வருந்தினார். அந்த வருத்தம் நம்மில் இன்னொருவருக்கு வரவேண்டாம்.