செப்டிக் டேங்க் ஏன் கெடுகிறது?

கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் இறங்குவதில்லை. குழாயில் கொடகொட என்று சத்தம் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் நாற்றம் அடிக்கிறது. மழை இல்லாத நாளிலும் மண் ஈரமாக இருக்கிறது. இவை எல்லாம் செப்டிக் டேங்க் கெட்டதற்கு அடையாளம்.

டேங்க் எப்படி வேலை செய்கிறது?

செப்டிக் டேங்கில் பெரும்பாலும் இரண்டு அறைகள் இருக்கும். கழிவு முதலில் அதற்குள் போய்த் தங்கும். கனமான கழிவு அடியில் படியும். இதுதான் கசடு. எண்ணெய்ப் பிசுக்கு ஏடு போல மேலே மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். அங்கே மண் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

டேங்கில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. அவை கசடைத் தின்று குறைக்கின்றன. ஆனால் முழுவதையும் தின்று தீர்ப்பதில்லை. மீதி ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

எதனால் கெடுகிறது?

முதல் காரணம், காலி செய்யாமல் விடுவது. "எங்கள் டேங்க் பெரியது. இருபது வருடம் ஆகியும் நிறையவில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இது தவறு. கசடு நிறைந்தால் தண்ணீர் தங்க இடம் இருக்காது. கழிவு அப்படியே உறிஞ்சு குழிக்கு ஓடும். மண்ணின் துளைகள் அடைபடும். அல்லது டேங்க் எங்கோ கசிந்து, அருகில் உள்ள கிணற்று நீரைக் கெடுக்கும்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி தண்ணீர் ஆழம் போதும். அதை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. துணி, பிளாஸ்டிக், மாதவிலக்குப் பஞ்சு போட்டால் குழாய் அடைக்கும். ஆசிட்டும் பினாயிலும் அளவுக்கு மேல் ஊற்றினால் கிருமிகள் சாகும். களிமண் நிலம் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும்.

எப்படிச் சரி செய்வது?

முதலில் கக்கூஸ் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பு இல்லை என்றால் கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைக்க வேண்டும். கடையில் விற்கும் பொடி எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

காலி செய்த பிறகும் தண்ணீர் தேங்கினால் உறிஞ்சு குழி அடைபட்டிருக்கும். பக்கத்தில் புதுக்குழி தோண்ட வேண்டும். அது குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

மகாராஷ்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் வாயி என்ற சிறிய நகரம் உள்ளது. டேங்க் பொங்கி வழியும் வரை அங்கே காத்திருப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வீடுவீடாக முறை வைத்துக் காலி செய்யும் திட்டத்தை 2018-ல் நகராட்சி தொடங்கியது. இதற்காக வீட்டு வரியோடு சிறு தொகை வாங்குகிறார்கள்.

ஆளை இறக்காதீர்கள்

டேங்கில் விஷ வாயு இருக்கும். கசடைக் கிளறினால் அது மொத்தமாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றம்கூடத் தெரியாது. உள்ளே இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் சாவார். இப்படி ஒரே டேங்கில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அவர்கள் கூலிக்கு வந்த ஏழைகள்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் தப்ப முடியாது. முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. பணம் வரும். போன உயிர் வருமா?

டேங்க் சுவரில் விரிசல் இருந்தாலும் நாமே ஆளை இறக்கக் கூடாது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டு டேங்கைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்? அந்த மாதத்தையும் ஆண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு ஆகிவிட்டதா? இன்றே லாரிக்குச் சொல்லுங்கள்.